டங் வெயிட்: நாக்கெடை வேண்டாம், முன்பாரம் போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வாகனச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். 'டங் வெயிட்'டுக்கு, அதாவது டிரெய்லரின் முன்பக்கம் இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் அழுத்தும் பாரத்துக்கு, நாக்கெடை, நாவெடை, நாநிறை என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. நாலாவது வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இது.

முதலில் ஒன்று. ஆங்கிலத்தில் இந்த 'டங்' வாயில் இருக்கும் நாக்கு அல்ல. குதிரை வண்டிக் காலத்தில் இரண்டு குதிரைகளுக்கு நடுவே நீளும் மரத்துக்கு அந்தப் பெயர் இருந்தது, டிரெய்லர் வந்தபோது அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் தங்கள் வண்டியிலிருந்து எடுத்தார்கள். நம் மாட்டுவண்டியில் அதே இடத்தில் இருப்பது ஏர்க்கால். அப்படியிருக்க நாம் ஏன் அவர்கள் நாக்கை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்?

இதில் எனக்குச் சொந்தப் பட்டறிவும் உண்டு. டாலஸிலிருந்து டென்வருக்கு வீடு மாறியபோது கொரோலா காரை ஜீப் கிராண்ட் செரோக்கியின் பின்னால் டிரெய்லரில் ஏற்றிக் கட்டி இழுத்துப் போனேன், ஏறக்குறைய 800 மைல். வி6 எஞ்சின், இழுப்பதற்கென்று தரும் பாகங்கள் எல்லாம் உள்ள வண்டி, 6,200 பவுண்டு வரை இழுக்கலாம். நாலு சக்கரமும் மேலே ஏறும் வாடகை டிரெய்லர் மட்டுமே 2,200 பவுண்டு. கொரோலா 2,900. ஆக 5,100, வரம்புக்குள்தானே என்று கிளம்பிவிட்டேன்.

நான் பார்க்காத கணக்கு டங் வெயிட். மொத்த டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு, இழுக்கும் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டும் இரும்புக் குண்டின் மேல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். 5,100க்கு அது 510லிருந்து 765 பவுண்டு. என் வண்டியின் கொக்கி தாங்குவது 620. அந்தப் பாரமும் இழுக்கிற வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில், ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி தாங்கும் சுமை என்று எனக்கு 1,180 பவுண்டு போட்டிருந்தது. நாங்கள் நாலு பேர் 560, டிரெய்லர் அழுத்துவது 550 என்று வைத்துக்கொண்டால் மீதி 70 பவுண்டு, இரண்டு பெட்டிக்குக்கூடப் போதாது. அதனால் என்ன செய்தேன், நாலு பெட்டிப் புத்தகத்தையும் மாவரைக்கும் கிரைண்டரையும் கொரோலாவின் டிக்கியில் திணித்தேன். ஏற்றும் காரில் சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்று வாடகைக் காகிதத்தில் இருந்ததாம். நான் படிக்கவில்லை, படித்திருந்தாலும் ஏற்றியிருப்பேன்.

டெக்ஸஸில் அமரில்லோ தாண்டி டால்ஹார்ட் போகும் சமவெளி. பக்கக் காற்று. டிரெய்லரில் வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்று ஒட்டியிருந்தது, நான் 65இல் போய்க்கொண்டிருந்தேன். பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போன கையோடு பின்னால் டிரெய்லர் இடதும் வலதுமாக அசைய ஆரம்பித்தது, ஒவ்வொரு அசைவும் முந்தையதைவிடப் பெரிதாக, கடைசியில் எங்கள் வண்டியின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்குகிற மாதிரி. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காமல், பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். அது புத்திசாலித்தனம் இல்லை, உறைந்துபோனேன் என்பதே உண்மை, ஆனால் செய்ய வேண்டியதும் அதுதான். 40க்கு இறங்கியதும் அடங்கியது.

ஓரமாக நிறுத்தி, டிக்கியில் இருந்ததை எல்லாம் கொரோலாவின் முன் இருக்கைக்கும் அதன் காலடிக்கும் மாற்றினோம். மொத்த எடை ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. அதற்கப்புறம் 55க்கு மேல் போகவும் இல்லை. 7,800 அடிக்கு மேல் இருக்கும் ரேட்டன் கணவாயில் எஞ்சின் முனகியதே தவிர டிரெய்லர் அசையவில்லை.

சொல்லுக்கு வருகிறேன். டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் நான் ஏற்றியதை எங்கள் ஊரில் எந்த வண்டிக்காரரும் ஒரே பார்வையில் 'பின்பாரம்' என்று சொல்லியிருப்பார். மாட்டுவண்டியில் மூட்டை பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அது பின்பாரம். முன்னால் அதிகமானால் நுகம் பிடரியை அழுத்தும். அது முன்பாரம். மேடு ஏறும்போது ஓட்டுகிறவர் தானே முன்னால் நகர்ந்து உட்காருவார், அவர் உடம்பும் சரிக்கட்டும் எடைதான். இங்கேயும் அதேதான் நடக்கிறது: முன்பாரம் கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிப்பு இழக்கும். குறைந்தால் நான் பட்டது.

ஆகவே என் முன்மொழிவு: டங் ஏர்க்கால், டங் வெயிட் முன்பாரம். 'முன்பாரம் பத்து விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது' என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். 'நாக்கெடை பத்து விழுக்காடு' என்றால் மருத்துவக் கட்டுரை என்று நினைப்பார்கள்.

நண்பர் ஒருவர் 'இழுவெடை' என்றும் சொல்லியிருந்தார். இழு என்ற வேரை நாம் ஏற்கெனவே கசக்கிப் பிழிந்துவிட்டோம். பாடநூலில் கயிற்றில் இருப்பது இழுவிசை, டிராக்டர் இழுவை, டிரெய்லரும் இழுவை, போதாததற்கு இழுவைத் திறன். ஒரே பத்தியில் இவை எல்லாம் வந்தால் எது எதை இழுக்கிறது என்று தெரியாது. ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதற்கு 'இழுதிறன்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடலாம்.

அப்புறம் 'சேஃப்டி செயின்'. கொக்கி கழன்றால் டிரெய்லர் தனியாக ஓடிவிடாமல் ஏர்க்காலின் கீழே குறுக்காக மாட்டும் இரட்டைச் சங்கிலி. பாதுகாப்புச் சங்கிலி என்பது தப்பில்லை, ஆனால் புறநானூற்றில் ஔவையார் பாட்டில் (102) உப்பு வணிகர்கள் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்துப் போகும் மாற்று அச்சுக்கு 'சேம அச்சு' என்று பெயர். ஒன்று போனால் உதவ இன்னொன்று. சேமச் சங்கிலி என்று வைத்தால் என்ன?

டிரெய்லர் இடவலமாக அசைவதற்கு 'வாலாட்டம்'. இதை யோசிக்கவே இல்லை, அன்று வண்டிக்குள் பின்னிருக்கையிலிருந்து என் மகள் கத்தியதே 'அப்பா, அது வாலாட்டுது' என்றுதான்.

———

வணக்கம் அண்ணை,

பாரம் என்ற சொல்லுக்கு என் வாக்கு. இலங்கையில் லொறியைப் பாரவூர்தி என்றுதான் எழுதுகிறோம், ஆகவே எங்களுக்கு அது பழைய சொல்லாகப் படாது. ட்ரக்டருக்குப் பின்னால் வருவதைப் பெட்டி என்போம், அதையும் சொற்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கோ.

ஒரு சந்தேகம். வாகனம் பற்றிய கட்டுரையில் முன்பாரம் என்று வந்தால், இழுக்கிற வாகனத்தின் முன்சக்கரங்களில் விழும் பாரம் என்று வாசிக்கிறவர் நினைக்க மாட்டாரோ? நீங்கள் சொல்வது அதற்கு நேர் எதிர், உங்கள் முன்பாரம் கூடினால் அந்தப் பாரம் குறைகிறது. அடுத்தது, வாலாட்டம் கொஞ்சம் விளையாட்டுச் சொல்லாக இருக்கிறது. கையேட்டில் போட்டால் சிரிப்பார்கள்.

———

தம்பி, முதல் கேள்வி சரியான இடத்தில் இடிக்கிறது, நான் அதை யோசிக்கவில்லை. முன்சக்கரங்களில் விழுவதை 'முன்னச்சுப் பாரம்' என்று பிரித்துவிடலாம். ஒரு கட்டுரையில் முதல் தடவை மட்டும் 'ஏர்க்கால் முன்பாரம்' என்று முழுதாக எழுதிவிட்டு அப்புறம் முன்பாரம் என்று சுருக்கிக்கொள்ளலாம். பெட்டியைச் சேர்த்துவிட்டேன்.

வாலாட்டத்தை விடமாட்டேன். 'என்கிட்ட வாலாட்டாதே' என்று சொல்வோமே, அன்று டால்ஹார்ட் பக்கம் அது செய்ததும் அதுதான். கையேட்டுக்காரருக்குக் கூச்சமாக இருந்தால் 'பக்க அலைவு' என்று போட்டுக்கொள்ளட்டும்.

டோ டாலிக்கு, அதுதான் முன்சக்கரம் இரண்டை மட்டும் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தைச் சாலையில் உருளவிடும் சின்ன வண்டி, என்னிடம் சொல் இல்லை. 'முன்தூக்கி' வரை வந்தேன், அது பாரந்தூக்கி மாதிரி ஒலிக்கிறது. யாராவது பாருங்கள்.