எஸ்சிட்டலோபிராமுடன் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கொடுக்கலாமா?

கேள்வி (குடியாத்தம்):
அம்மாவுக்கு மனச்சோர்வு. டாக்டர் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எழுதியிருக்கிறார். இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினும் உண்டு. சொந்தக்காரர் ஒருவர் "மூலிகைதானே" என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் டப்பா வாங்கி வந்திருக்கிறார். சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில் (காட்பாடி, மருந்தாளுநர்):
கூடவே கூடாது தம்பி. எஸ்சிட்டலோபிராம், இந்த மூலிகை இரண்டுமே செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை ஏற்றும்; சேர்ந்தால் அளவு மீறும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேதி, குழப்பம் வந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. வார்ஃபரின்தான் பெரிய கவலை. இந்த மூலிகை கல்லீரல் நொதிகளைத் தூண்டி அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும்; ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை அளவு) இறங்கும், வால்வில் ரத்தம் உறையலாம். கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், எச்.ஐ.வி. மருந்துக்கும் இதே கதி. ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க. மூலிகையை நிறுத்தின பிறகு ஐ.என்.ஆர். ஏறும், இரண்டு வாரமாவது அடிக்கடி பார்க்கணும்.

பதில் (ராணிப்பேட்டை):
அதற்காக மூலிகையே வீண் என்று சொல்லிவிட முடியாது. வேறு மருந்து எடுக்காதவர்களின் லேசான, நடுத்தர மனச்சோர்வில் ஆய்வுகள் பலன் காட்டியிருக்கின்றன. வழக்கமான அளவு 300 மி.கி. சாறு, மூன்று வேளை. பலன் தெரிய 4-6 வாரம். ஆனால் டப்பாவுக்கு டப்பா வீரியம் மாறும். நம்ம வேலூர் வெயிலில் தோல் சிவந்து எரியவும் செய்யும். இருமுனைக் கோளாறு (மனச்சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வருவது) உள்ளவர்கள் தொடவே வேண்டாம், மேனியா என்ற அந்த மிதமிஞ்சிய உற்சாக நிலை கிளம்பும்.

பதில் (சத்துவாச்சாரி):
எஸ்சிட்டலோபிராமையும் திடீரென நிறுத்திடாதீங்க. அம்மா "வாழவே பிடிக்கல" என்று பேசினால் தனியே விடாதீங்க. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம்.