மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரில (மூலக்கூறுகள அயனியாக்கி நிறை பார்க்கற முறை) வர்ற "அயன் சப்ரஷன்"ங்கற சொல்லுக்குத் தமிழ்ல எது: அயனி ஒடுக்கமா, அயனியாக்கத் தடங்கலா?

> அயனி ஒடுக்கம்னே வச்சுக்கலாமே, சுருக்கமா இருக்கு

சுருக்கம்தான் ஐயா, ஆனா ஒடுக்கம் நம்ம பாடப்புத்தகத்துல ஏற்கனவே ரிடக்‌ஷனுக்குப் போயிடுச்சு. புரோட்டீன் சாம்பிள் தயார் பண்றப்ப டைசல்பைடு (ரெண்டு கந்தக அணு சேர்ற) பிணைப்ப டிடிடிங்கற வேதிப்பொருள் போட்டு ஒடுக்கறோம், அதே பக்கத்துல அயனி ஒடுக்கம்னும் எழுதினா மாணவர் ரெண்டையும் ஒண்ணுன்னே நினைச்சுக்குவார். அமுக்கம்னு போடலாம்னா இலங்கைத் தமிழ்ல அது பிரஷர்.

அதைவிட முக்கியமா, இங்க அடிவாங்கறது அயனி இல்ல, அயனி உருவாகற வேலை. எலக்ட்ரோஸ்ப்ரேல (கரைசல மின்னூட்டத் துளிகளா தெளிச்சு அயனியாக்கற முறை) துளி காய்ஞ்சு சுருங்கறப்ப உப்பும் டிடர்ஜன்டும் பெப்டைடோட (புரோட்டீன வெட்டின சின்னத் துண்டு) போட்டி போடுது, எஸ்டிஎஸ்ங்கற டிடர்ஜன்ட் மாதிரி சரக்கு துளியோட மேல்பரப்பையே பிடிச்சுக்கும், பெப்டைடு குழாய்ல அப்படியே இருக்கும் ஆனா ஸ்பெக்ட்ரத்துல பீக் வராது. "என் புரோட்டீன் எங்க போச்சு"ன்னு தேடறவருக்கு அது எங்கயும் போகலைன்னு சொல்லே சொல்லணும். அதனால என் ஓட்டு அயனியாக்கத் தடங்கல்.

> சோடியம் ஏறினா வர்றதும் இதுதானே?

இல்லீங்க, அதைப் பிரிச்சே வைக்கணும். அங்க அயனி உருவாகுது, ஆனா புரோட்டானுக்குப் பதிலா சோடியம் உக்கார்ந்தா நிறை 22 கூடுது, பொட்டாசியம்னா 38, ஒரே பெப்டைடு மூணு பீக்கா சிதறி ஒவ்வொண்ணும் குட்டையாயிடுது. இதுக்கு ஒட்டயனின்னு வச்சிருக்கேன், வேற நல்லது தோணினா சொல்லுங்க.

அப்புறம் டீசால்ட்டிங்க உப்பகற்றல்னு சொல்றது சரிதான், ஆனா மொத்த கிளீனப்புக்கும் அதையே போடாதீங்க. சி18 டிப்புல (நீர்விலக்கும் பொருள் அடைச்ச பிப்பெட் முனை) பெப்டைட ஏத்தி 0.1% டிஎஃப்ஏ அமிலத்துல கழுவினா உப்பு போயிடும், ஆனா எஸ்டிஎஸ்ஸும் பெப்டைட மாதிரியே சி18ல ஒட்டிக்கிட்டு கடைசியில அசிட்டோநைட்ரைல் விடறப்ப கூடவே இறங்கி வந்துடும். அதை முன்னாடியே அசிட்டோன்ல புரோட்டீன வீழ்படிவாக்கியோ ஃபில்டர் முறையிலயோ எடுத்தாகணும். பிஇஜிங்கற பாலிமரும் (பாலிஎத்திலீன் கிளைகால்) அப்படித்தான், 44 டால்டன் இடைவெளியில ஏணிப்படி மாதிரி வரிசையா பீக் நிக்கும், பார்த்ததும் தெரிஞ்சுடும். அதனால பொதுச்சொல்லா மாதிரித் துப்புரவு (சாம்பிளச் சுத்தம் பண்றது), அதுக்குள்ள ஒரு வகையா உப்பகற்றல்.

தோல், முடியில இருந்து விழற கெரட்டின் வேற கணக்கு, அது தானே நல்லா அயனியாகி கருவியோட நேரத்தத் தின்னுது. அதை மாசுப்புரதம்னு தனியா எழுதலாம்.