புதுப்பிப்பு: ‘கடைசி விவசாயி’ படத்தை வைத்து சண்டையில்லாத வீடியோ கேம்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் நடக்கும், 2022-இல் வெளியான ‘கடைசி விவசாயி’யை அடிதடி இல்லாத விளையாட்டாக எப்படி மாற்றுவது என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதல் பகுதி ஓடுகிறது.

கைகொடுத்தது திருமங்கலத்து நண்பரின் யோசனைதான்: “நெல்லை வளர்ப்பது விளையாட்டல்ல, நெல்லை விட்டுப் பிரிந்திருப்பதுதான் விளையாட்டு.” படத்தில் இறந்த மயில்களைப் புதைத்த பெரியவர் மாயாண்டி, அவற்றைக் கொன்றதாக வழக்கில் சிக்குவார். அவர் காவலில் இருக்கையில் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை ஒரு காவலருக்கு வரும். அந்தக் காவலராகத்தான் நாம் ஆடுகிறோம். வழக்கு தள்ளிப்போகத் தள்ளிப்போக வயலில் நாள் ஓடுகிறது. மதிப்பெண் கிடையாது.

இதே இயக்குநர் மணிகண்டனின் இன்னொரு படமான ‘ஆண்டவன் கட்டளை’யின் பாஸ்போர்ட் சிக்கலை எடுக்கச் சொன்னதும் நல்ல யோசனையே. ஆனால் ஆவணம் சரிபார்க்கும் விளையாட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன.

தமிழ் எழுத்து உடைவதற்கும் விடை கிடைத்தது. விளையாட்டு உருவாக்க நான் பயன்படுத்தும் மென்பொருளான கோடோவின் (Godot) 3-ஆம் பதிப்பில் ‘கொ’, ‘கெ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். கோடோ 4-க்கு மாறி, தமிழ் எழுத்துருவைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. வேறு வித்தை எதுவும் தேவையில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஆடிப் பார்த்த பிள்ளைகள் தண்ணீர்ப் பொத்தானை விடாமல் அமுக்கி நாற்றங்காலையே மூழ்கடித்தார்கள். இப்போது வரப்பை வெட்டி நீரை வடிக்கவும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். அவர்களுக்கு அதுதான் அதிகம் பிடித்திருக்கிறது!