ஆணி ஓட்டைக்கு வீட்டு வாடகை முற்பணத்தில் கழிக்கலாமா?

உவர்மலையான்:
"சுவரில் ஆணி அடித்ததற்காக முற்பணத்தில் ஒரு சதமும் கழிக்கக் கூடாது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். வீடு கட்டிப் பார்த்தவர் எழுதுகிற எழுத்தா இது? என் முன்னறையில் பதினொரு ஆணி. இரண்டு கொங்கிறீட் ஆணி. பிடுங்கியபோது உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு கையோடு வந்தது.

அலஸ்தோட்டம் பிள்ளை:
எழுதியது நான்தான் ஐயா. "ஒருவர்" என்று என்ன மறைப்பு? மூன்று வருடம் உங்களுக்கு வாடகை கட்டியவள். அந்தச் சுவர் உப்புக் காற்றில் தானாகவே பொரிந்து கொட்டியது.

உவர்மலையான்:
உவர்மலை மேடு, பிள்ளை. கடற்கரை இல்லை. பதினொரு ஆணி.

அலஸ்தோட்டம் பிள்ளை:
மேட்டுக்கு உப்புக் காற்று ஏறாதோ? யன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள், துரு கையில் வரும். அதையும் நானா அடித்தேன்?

நொத்தாரிசு வீட்டு மருமகன்:
ஒப்பந்தம் எங்கே? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்று இலங்கையின் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

உவர்மலையான்:
கொப்பித்தாளில் எழுதி இரண்டு சாட்சி வைத்தோம். மனிசருக்கு அது போதும். ஆணி அடிக்கக் கூடாது என்று வாயாலும் சொன்னேன். சரி, 2023 இல் வீட்டுக்காரருக்கென்றே புதுச் சட்டம் வந்ததே, அது தெரியாதோ உங்களுக்கு?

நொத்தாரிசு வீட்டு மருமகன்:
அது வீட்டை விட்டு எழும்ப மறுப்பவரிடமிருந்து வீட்டை மீட்க. இந்தப் பிள்ளைதான் எழும்பிப் போய்விட்டாவே! இரண்டு பக்கத்தையும் பேசி இணங்க வைக்கிற இணக்கசபைக்குப் போங்கள். அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது, உங்கள் வாயே போதும். ஆனால் சபை தீர்ப்புச் சொல்லாது. இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தரும், அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.

பாலையூற்றுப் பெடியன்:
ஆணிக்கு நீதிமன்றமா? அண்ணை, போன மாதம் கிணற்று மோட்டர் கதையிலும் நீங்கள் இப்படித்தான் நின்றீர்கள்.

உவர்மலையான்:
மோட்டரை எரித்தவன் நீ. உன்னை யார் கூப்பிட்டது?

பாலையூற்றுப் பெடியன்:
கரண்ட் கூடிக் குறைந்து எரிந்தது. நான் எரிக்கவில்லை.

அலஸ்தோட்டம் பிள்ளை:
மோட்டரை விடுங்கள். பதினொன்றில் இரண்டு நான் வரும்போதே இருந்தது. ஒன்றில் உங்கள் அப்பாவின் படம், காய்ந்த மாலையோடு. நான்தான் தூசு தட்டினேன்.

உவர்மலையான்:
அப்பாவை இதற்குள் இழுக்காதே.

அலஸ்தோட்டம் பிள்ளை:
இழுக்கவில்லை. எண்ணுகிறேன். ஒன்பது.

நொத்தாரிசு வீட்டு மருமகன்:
வரும்போது சுவரைப் படம் எடுத்து இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருந்தால்...

உவர்மலையான்:
தம்பி, உங்கள் மாமனார் எழுதிய காணி உறுதி ஒன்றில் என் வளவின் எல்லையே பிழை. அதை முதலில் பாருங்கள். ஆணி பதினொன்று. ஓட்டைகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், இரவைக்குப் போடுகிறேன்.

அலஸ்தோட்டம் பிள்ளை:
போடுங்கள். அப்பாவின் ஆணியையும் சேர்த்துப் போடுங்கள்.