31ஆம் நாள் கல்வெட்டில் சண்டின்

(குழு: அப்பப்பா வீட்டு ஆக்கள்)

பெரியக்கா: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 31ஆம் நாள் நினைவுக்கான கல்வெட்டுப் புத்தகத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். பஞ்சபுராணம், சிவபுராணம், திதி வெண்பா, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் ஆயிற்று. ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. அப்பா தனியாக நிற்கும் நல்ல படம் யாரிடமாவது இருக்கிறதா?

குட்டி: என்னிடம் ஒன்று இருக்கு. நீல ஜேர்சி போட்டது

பெரியக்கா: அது வேண்டாம். வேட்டியோடு?

குட்டி: இல்லை

மார்க்கம் சித்தப்பா: கலியாண வீட்டுப் படங்களில் பார்

ஒட்டாவா அத்தான்: பார்த்தேன். அங்கேயும் கோட்டுக்குள்ளே ஜேர்சிதான்.

சின்னண்ணா: அக்கா, அந்தப் பக்கத்துக்கு நான் எழுதி வைத்திருக்கிறேன். எல்லோரும் முழுவதும் வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

'அமரரின் உள்ளங்கவர்ந்த ஐஸ் ஹொக்கி வீரர் மட்ஸ் சண்டின். 1971இல் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் புரொம்மா பகுதியில் பிறந்தவர். 1989இல் என்.எச்.எல். என்னும் வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் வீரர் தெரிவில் கியூபெக் நோர்டிக்ஸ் அணி அவரை முதலாவதாக எடுத்தது. ஐரோப்பியர் ஒருவர் முதலாவதாகத் தெரிவானது அதுவே முதல் தடவை. 1992-93 பருவத்தில் 47 கோல், 114 புள்ளிகள் (அடித்த கோலும் அடிக்க உதவியதும் சேர்த்து). 1994இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு வந்தார். 1997 முதல் 2008 வரை அணித்தலைவர். லீஃப்ஸுக்காக 981 ஆட்டங்களில் 420 கோல், 987 புள்ளிகள்.'

மார்க்கம் சித்தப்பா: தம்பி, இது கல்வெட்டா விளையாட்டுப் பேப்பரா

லண்டன் மாமி: யார் இந்தப் பிள்ளை? அண்ணாவோடு வேலை செய்தவரா?

குட்டி: ஐயோ மாமி

பெரியக்கா: சிவபுராணத்துக்கு அடுத்த பக்கம் ஐஸ் ஹொக்கியா? ஐயர் என்ன நினைப்பார்?

ஒட்டாவா அத்தான்: ஐயரும் லீஃப்ஸ் ஆள்தான். காரில் கொடி பார்த்தேன்.

சின்னண்ணா: அக்கா, நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை இல்லை, ஞாபகம் இருக்கும். வெண்டல் கிளார்க்கைக் கொடுத்துச் சண்டினை வாங்கியபோது ஊரே கொதித்தது. கிளார்க் கப்டன், சஸ்காச்சுவான்காரர், அடிதடிக்குப் பின்நிற்காதவர். அப்பாவும் தொழிற்சாலை ஆட்களோடு சேர்ந்து நின்று திட்டினார். பிறகு டக் கில்மோரையும் நியூ ஜேர்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டே கப்டனுக்குரிய 'சி' எழுத்து சண்டினின் நெஞ்சுக்கு வந்தது. லீஃப்ஸுக்கு ஐரோப்பியர் ஒருவர் கப்டனானது அதுதான் முதல் தடவை. வேலையிடத்தில் ஒருவன் "வெளிநாட்டுக்காரன் கப்டனா" என்று கேட்டானாம். அப்பாவும் அதே வரிசையில் நின்று பெட்டி தூக்கிய வெளிநாட்டுக்காரன்தானே. அன்றைக்கே கட்சி மாறிவிட்டார். அந்த ஜேர்சியும் அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான். அம்மா பேசின பேச்சு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

லண்டன் மாமி: பாவம் அண்ணா. குளிரில் எவ்வளவு பாடுபட்டார்

லண்டன் மாமி: அது இருக்கட்டும். மரண அறிவித்தலில் உங்கள் மாமாவின் பெயர் விடுபட்டுப் போனது. கல்வெட்டிலாவது மைத்துனர் வரிசையில் முதலாவதாக வரவேண்டும். ஒரே மைத்துனர்.

பெரியக்கா: போட்டாயிற்று மாமி

லண்டன் மாமி: முழுப்பெயரா?

மார்க்கம் சித்தப்பா: என்.எச்.எல். சம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கிண்ணம் வென்றாரா உங்கள் சண்டின்?

சின்னண்ணா: சித்தப்பா, இதை எத்தனை தரம் அப்பாவிடமும் கேட்டீர்கள்.

மார்க்கம் சித்தப்பா: மொன்றியலுக்கு 24 கிண்ணம். லீஃப்ஸுக்கு 1967க்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் சொல்லவில்லை, கணக்கு சொல்லுது.

சின்னண்ணா: 1999இலும் 2002இலும் அரையிறுதிச் சுற்று வரை கொண்டு போனவர். 2002இல் கரோலைனாவோடு ஆறாவது ஆட்டம், தோற்றால் வீடு. கடைசி 22 வினாடி இருக்கும்போது சமப்படுத்தினார். அப்பா கத்தியதில் கீழ் மாடிக்காரன் கதவு தட்டினான். பிறகு ஓவர்டைமில் தோற்றது வேறு கதை. 2006 டியூரின் ஒலிம்பிக்கில் சுவீடன் கப்டனாகத் தங்கம். இறுதி ஆட்டம் பின்லாந்தோடு 3-2. வெற்றிக் கோல் லிட்ஸ்ட்ரோம் அடித்தது, மூன்றாம் பகுதி தொடங்கிப் பத்தே வினாடியில். அதற்குப் பந்து... பக் கொடுத்தது யார் என்று பாருங்கள்.

ஒட்டாவா அத்தான்: அந்த அணியில் எங்கள் அல்ஃபிரெட்சனும் இருந்தார் மச்சான். 133ஆவதாகத் தெரிவானவர், 1999 முதல் 2013 வரை ஒட்டாவா கப்டன். அவருக்கும் ஒரு வரி போடலாம்.

சின்னண்ணா: அப்பாவின் கல்வெட்டில் அல்ஃபியா? எழும்பி வந்துவிடுவார்.

ஒட்டாவா அத்தான்: 2004 ஞாபகம் வருது. சண்டின் உடைந்த தடியைக் கூட்டத்துக்குள் எறிந்தார், ஒரு ஆட்டம் தடை. அந்த ஆட்டம் எங்களோடு. அல்ஃபியின் தடியும் உடைய, அவரும் எறிவதுபோல பாவனை காட்டினார். நான் மாமாவுக்கு முன்னால் சிரித்துவிட்டேன். பொங்கல் வரை என்னோடு கதைக்கவில்லை.

குட்டி: அந்த ஆட்டம் 7-1. வென்றது லீஃப்ஸ்

குட்டி: 2000, 2001, 2002, 2004 பிளேஓஃபிலும் லீஃப்ஸிடம் தோற்று ஒட்டாவா அவுட்

ஒட்டாவா அத்தான்: பேரன் தாத்தாவேதான்.

மார்க்கம் சித்தப்பா: சாப்பாட்டுக்காரர் கேட்கிறார். வடை எத்தனை? 150 போதுமா?

பெரியக்கா: 200 சொல்லுங்கள். போன முறை குறைந்தது எல்லோருக்கும் தெரியும்.

மார்க்கம் சித்தப்பா: போன முறை நான் ஓடர் கொடுக்கவில்லை

சின்னண்ணா: முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2008 பெப்ரவரி. லீஃப்ஸ் தேறாது என்று தெரிந்துவிட்டது. வெல்லக்கூடிய அணி ஏதாவதொன்றுக்குப் போ, நாங்கள் பதிலுக்கு இளம் வீரர்களை வாங்குகிறோம் என்று நிர்வாகம் கேட்டது. அவர் சம்மதிக்காமல் அனுப்ப முடியாதபடி ஒப்பந்தம். சண்டின் மறுத்துவிட்டார். பருவம் முழுக்க ஒரு அணியோடு கிடந்து வெல்லாத கிண்ணம் தனக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. பாதி ஊர் அவரைச் சுயநலக்காரன் என்றது. அப்பா மட்டும், விட்டுவிட்டுப் போகாதவன்தான் மனுசன் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்.

மார்க்கம் சித்தப்பா: அது எனக்குச் சொன்னது. மார்க்கத்தில் வீடு வாங்கிய ஆண்டு.

சின்னண்ணா: அப்படி நான் சொல்லவில்லை.

மார்க்கம் சித்தப்பா: நீ சொல்லாவிட்டாலும் அண்ணா சொன்னார். சரி, அதே சண்டின் அந்த டிசம்பரில் வான்கூவருக்குக் கையெழுத்துப் போடவில்லையா?

பெரியக்கா: வீட்டுக் கதை இங்கே வேண்டாம். லண்டனில் இருந்தும் பார்க்கிறார்கள்.

லண்டன் மாமி: நான் ஒன்றும் வாசிக்கவில்லை

சின்னண்ணா: போனார் சித்தப்பா, மறைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து போனார். 2009 பெப்ரவரியில் வான்கூவர் ஜேர்சியோடு ரொறன்ரோ வந்தபோது அரங்கம் எழும்பி நின்று கைதட்டியது. கண் கலங்கிப் போனார். பிறகு அதே ஆள் பெனால்டி அடித்து லீஃப்ஸையே தோற்கடித்தார். அப்பா அழுதுகொண்டே கைதட்டினார்.

மார்க்கம் சித்தப்பா: தெரியும். பக்கத்தில் இருந்தது நான்தான். டிக்கெட்டும் நான்தான் எடுத்தேன்.

சின்னண்ணா: நீங்களா? அப்பா சொல்லவே இல்லை

மார்க்கம் சித்தப்பா: எப்படிச் சொல்வார்

குட்டி: படம் இருக்கா சித்தப்பா தாத்தா?

மார்க்கம் சித்தப்பா: பழைய கமெராவில். தேடவேணும்.

பெரியக்கா: அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். அம்மா சொல்கிறா: அந்த வெள்ளைக்காரப் பிள்ளையைப் பற்றி நாலு வரி போடுங்கள், கணக்கெல்லாம் வேண்டாம், வேட்டிப் படம் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் நீலச் சட்டை.

சின்னண்ணா: நாலு வரியில் 2006 அக்டோபரைச் சொல்ல முடியாது அக்கா. கல்கரியோடு ஓவர்டைம், லீஃப்ஸ் ஒரு ஆள் குறைவாக நிற்கும்போது அடித்தார். அது அவருடைய 500ஆவது கோல், அன்றைய மூன்றாவது கோலும் அதுதான். லீஃப்ஸுக்காக அதிக கோலும் புள்ளிகளும் எடுத்த டரில் சிட்லரின் சாதனையை 2007இல் முறியடித்ததும் இருக்கிறது. 2012இல் ஹொக்கிப் புகழ் மண்டபமான ஹோல் ஒஃப் ஃபேம். 13ஆம் இலக்கத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2016இல்...

பெரியக்கா: நாலு வரி.

சின்னண்ணா: எட்டு?

ஒட்டாவா அத்தான்: ஏழு சண்டினுக்கு, ஒன்று அல்ஃபிக்கு.

பெரியக்கா: நாளை இரவுக்குள் அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சித்தப்பா, அந்தப் படம் கிடைத்தால் உடனே போடுங்கள்.

மார்க்கம் சித்தப்பா: பார்ப்பம்

குட்டி: தாத்தாவின் ஜேர்சி யாருக்கு?

சின்னண்ணா: எனக்கு என்று சொல்லியிருந்தார்

ஒட்டாவா அத்தான்: எழுத்தில் இருக்கா?

லண்டன் மாமி: பிள்ளை, முழுப்பெயரா என்று கேட்டேன்

மார்க்கம் சித்தப்பா: வடை 150 என்று சொல்லிவிட்டேன்.

பெரியக்கா: சித்தப்பா!!