கலைச்சொல் வேண்டும்: சுட்டவன் கடைசிக்குப் போவதைத் தமிழில் என்னவென்பது?

கிளிநொச்சியிலிருந்து

மதிப்புக்குரிய கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பாடசாலை வரலாற்று மன்றத்தின் கண்காட்சியில் ‘துவக்கு வந்தபின் போர்க்களம்’ என்றொரு பகுதி வைக்கிறோம். சுவர்ப்பலகைகளுக்கான எழுத்தை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் ஒருவாறு தமிழாக்கிவிட்டோம்; ஒரேயொரு சொல்லில் இடறி நிற்கிறோம். ஆங்கில நூல்கள் அதைக் ‘கவுண்டர்மார்ச்’ என்கின்றன.

பொருளை முதலில் விளக்கிவிடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டின் திரித்துவக்கை ஒரு தடவை சுட்டபின், மருந்து கொட்டி, குண்டு போட்டு, கோலால் இடித்து, பற்றுமருந்து வைத்து, புகைந்துகொண்டிருக்கும் திரியைப் பொருத்தி அடுத்த வெடியை வைப்பதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் செல்லும். எதிரியின் குதிரைப்படை தலைக்குமேல் வந்துவிட அந்த நேரம் போதும். ஒல்லாந்தரின் மாகாணங்களில் ஒன்றான பிறீஸ்லாந்தின் ஆளுநராயிருந்த வில்லெம் லொடெவைக், ஏலியன் என்ற பழைய கிரேக்க ஆசிரியரின் படையியல் நூலை வாசித்துக்கொண்டிருந்தபோது இதற்கொரு வழி கண்டு, 1594 டிசெம்பரில் தம் பெரியப்பா மகனும் ஒல்லாந்தரின் படைத்தலைவருமான மொறிஸுக்குப் படம் வரைந்து கடிதம் எழுதினார். வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். முன்னால் நிற்பவர் சுட்டதும் இடைவெளியால் நடந்து கடைசிக்குப் போய் அங்கே துவக்கை நிரப்புவார். அதற்குள் அடுத்தவர் முன்னுக்கு வந்து சுடுவார். பத்துப் பேர் இருந்தால், முதலாமவருடைய முறை திரும்பி வரும்போது அவருடைய துவக்கு ஆயத்தமாக இருக்கும். முல்லைத்தீவுக் கோட்டையைக் கட்டிய அதே ஒல்லாந்தரின் படை இப்படித்தான் பழக்கப்பட்டது.

நான் முதலில் ‘பின்வாங்கு நடை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, தரம் 10 பிள்ளைகள் பத்துப் பேரைப் பூவரசந்தடிகளோடு மைதானத்தில் நிறுத்தினேன். முதற்பையன் வாயால் வெடி வைத்தான். உடனே தடியைத் தோளிற் போட்டுக்கொண்டு பாலைமர நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். இரண்டாமவனும் வெடி வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்திற் போய் இருந்தான். ஏனென்று கேட்டதற்கு, “சேர், நீங்கள்தானே பின்வாங்கச் சொன்னீங்கள்” என்றான். பிழை அவனுடையதல்ல, சொல்லினுடையது. பிறகு, குழாயடியில் குடம் நிரப்பினவள் மறுகுடத்துக்காகக் கடைசியிற் போய் நிற்பதைப்போல என்று சொன்னேன். அடுத்த சுற்று ஒரு பிசகுமின்றி நடந்தது.

பின்வாங்குதல் என்ற எண்ணத்தைத் தராத ஒரு சொல் வேண்டும். ‘எதிர்நடை’ என்பது என் மனைவியின் பரிந்துரை.

வவுனியாவிலிருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் முதலில் ஒரு வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். படையின் உறுப்புகளுக்கெல்லாம் நம்மிடம் பெயர் இருந்தும் ஆங்கிலச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு நிழல் தேடுகிறோம். படையின் முன்னணிக்குத் தார் என்றும் தூசி என்றும் பெயர்; பின்னணிக்குக் கூழை என்று பெயர். தொல்காப்பியர், நேருக்கு நேரான போரைப் பாடும் தும்பைத் திணையின் துறைகளைச் சொல்லுமிடத்தில் ‘உடைபடை புக்குக் கூழை தாங்கிய எருமையும்’ என்கிறார். தன் படை உடைந்து ஓடும்போது ஒருவன் பின்னணியில் நின்று பகைவரைத் தடுக்கும் வீரம் அது. புறப்பொருள் வெண்பாமாலையின் ஆசிரியர் அதையே எருமைமறம் என்று தனித்துறையாக்கினார். கூழைக்குப் போவது நம் மரபில் கோழைத்தனமாகக் கொள்ளப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே ‘கூழைபுகல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

யாப்பிலும் இச்சொல் வாழ்கிறது. நாற்சீரடியில் முதல் மூன்று சீரிலும் மோனை வந்து கடைச்சீரில் வராது நின்றால் அது கூழைமோனை. கடைசி இடம் மட்டும் காலியாக நிற்கிற அந்த அடியைப் பாருங்கள்: சுட்டவன் வந்து சேரப்போகிற இடம் அதுவே அல்லவா? இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

‘துவக்கு’ என்று எழுதியமைக்கு என் பாராட்டுகள். துப்பாக்கி துருக்கியர் வழியாக வந்த சொல், துவக்கு அப்படியன்று. துவக்குதல் என்றால் தொடங்குதல். வெடியைத் தொடக்குவதால் அது துவக்கு.

மாங்குளத்திலிருந்து

ஐயா அவர்களுக்கு வணக்கம். துவக்கும் துப்பாக்கியும் துருக்கியரின் ‘துஃபெக்’ என்ற ஒரே வேரிலிருந்து இரண்டு வழியால் வந்த உடன்பிறப்புகள் என்றே நான் எண்ணுகிறேன். சிங்களத்திலும் ‘துவக்குவ’ என்றுதான் சொல்கிறார்கள். நம்மவர் உண்மையாகவே ஆக்கிய சொல் வேண்டுமென்றால் ‘இடியன்’ இருக்கிறது. குழாய் வாயால் மருந்தையும் சன்னத்தையும் போட்டுக் கோலால் இடித்து நிரப்பும் துவக்குக்குக் காட்டோரத்தில் பன்றிக் காவல் இருந்தவர்கள் வைத்த பெயர் அது. எந்தக் குழுவும் கூடி விவாதித்து அதை ஆக்கவில்லை. மொறிஸின் வீரர்கள் வைத்திருந்ததும் ஓர் இடியன்தான் என்று பலகையில் எழுதினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது.

கூழைபுகல் பற்றி: ஐயாவின் சான்று வலியதே. ஆனால் இன்றைய பிள்ளைக்குக் கூழை என்றால் குளத்தில் நிற்கிற கூழைக்கடாவும், காரியம் பார்க்கப் போடுகிற கூழைக்கும்பிடுமே நினைவுக்கு வரும். வீரர்கள் கும்பிட்டுக்கொண்டு பின்னால் போவதாக ஒரு படம் மனதில் விழுந்தால் அதை அழிப்பது கடினம்.

நான் ‘முறைச்சூடு’ என்று நினைத்தேன். வயலுக்குத் தண்ணீர் முறை வைத்து விடுவதைப்போல வெடியையும் முறை வைத்து விடுவது. எழுதியபின்தான் உறைத்தது: சூடு என்றால் எங்களுக்கு அரிவி வெட்டிக் கதிரைக் குவித்து வைக்கிற சூடு. முறைச்சூடு என்றதும் இந்தப் போகம் யாருடைய சூட்டை முதலில் அடிப்பது என்றுதான் என் தகப்பனார் கேட்பார்.

கோயம்புத்தூரிலிருந்து

ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிவிடலாம் என்று எவரேனும் சொல்வதற்குள் முந்திக்கொள்கிறேன். ‘கவுண்டர்மார்ச்’ என்று எங்கள் ஊரில் பலகை வைத்தால், எந்தச் சங்கத்தின் ஊர்வலம், எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். என் வாக்கு எதிர்நடைக்கு.

முல்லைத்தீவிலிருந்து

நான் கணிதம் படிப்பிப்பவள். தமிழறிஞர் நடுவே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளவும்.

இதுவரை வந்த சொற்களை அந்த அசைவோடு வைத்துப் பார்த்தேன். ‘எதிர்நடை’ எதிரியை நோக்கி நடப்பதாகவும் பொருள்படும். அது நாம் சொல்ல வந்ததற்கு நேர்மாறானது. ‘கூழைபுகல்’, ‘பின்நடை’ போன்றவை எல்லாம் பின்னால் போவதைச் சொல்கின்றன. ஆனால் சுவீடனின் அரசர் இரண்டாம் கஸ்தாவ் அடோல்ஃப் இதே அசைவை மறுபக்கமாகத் திருப்பினார். அவருடைய படையில் ஆறு பேரே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். சுட்டவர் நின்ற இடத்திலேயே நின்று துவக்கை நிரப்ப, பின்னால் நின்றவர் இடைவெளியால் அவரைக் கடந்து முன்னே வந்து சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் முழு அணியும் சில அடி முன்னேறிவிடும். அதற்கும் பெயர் கவுண்டர்மார்ச்தான். ஆகவே ‘பின்’ என்ற பொருளைத் தரும் எந்தச் சொல்லும் பாதி அசைவுக்கு மட்டுமே பொருந்தும்.

பண்டைக் கிரேக்கரும் இதே இடத்தில் அவதிப்பட்டிருக்கிறார்கள். ஏலியன் மக்கெடோனிய முறை, லக்கோனிய முறை, கிரேத்த முறை என மூன்றைச் சொல்கிறார். அவை சுடுவதற்கானவை அல்ல, அணி தன் முகத்தைப் பின்புறம் திருப்பிக்கொள்வதற்கானவை. அவற்றுள் மக்கெடோனிய முறை பார்ப்பவர் கண்ணுக்குப் பின்வாங்குவதுபோலத் தோன்றுகிறது என்று அக்காலத்து நூலாரே குறை சொன்னார்கள். பாலைமர நிழலுக்குப் போன பையன் தனியாள் அல்லன்.

இனி என் சொல். பக்கவாட்டில் தோளோடு தோள் நிற்பவர்களை என்னவென்பது, ஒருவர் பின் ஒருவர் நிற்பவர்களை என்னவென்பது என்று நாம் இன்னும் பேசவேயில்லை. இரண்டையும் ‘வரிசை’ என்றே எழுதுகிறோம். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. கணிதத்தில் தாயம் (எண்களைக் கட்டங்கட்டமாக அடுக்கும் அமைப்பு) படித்த பிள்ளைக்குக் கிடையாகச் செல்வது நிரை, நிலைக்குத்தாகச் செல்வது நிரல். அதையே எடுத்துக்கொள்வோம். இந்த அசைவில் நிரை கலைந்து மாறுகிறது. நிரலோ கலைவதில்லை, தனக்குள்ளேயே சுழல்கிறது. எனவே ‘நிரற்சுழற்சி’. முன்னால் சுழன்றாலும் பின்னால் சுழன்றாலும் சொல் பொய்யாகாது.

‘நிரல்சுழற்சி’ என்று எழுதினால் வாசிக்க இலகு என்பார்கள். ‘லள வேற்றுமையில் றடவும்’ என்று நன்னூல் சொல்வதை ஐயா நினைவூட்டுவார் என்பதால் நானே றகரம் இட்டுவிட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து

மிக நல்ல சொல். ஆனால் என்னைப்போன்ற மென்பொருள்காரருக்கு அது ஏற்கெனவே விற்கப்பட்ட காணி. நிரல் என்றால் இன்று கணினிக்கு எழுதுகிற கட்டளைத் தொகுதி. நிரலைச் சுழற்சியில் விடுவது என் அன்றாட வேலை. ‘ஒல்லாந்தர் நிரற்சுழற்சியைப் பயன்படுத்தினர்’ என்று வாசித்தால் மொறிஸ் மடிக்கணினியோடு நின்றார் என்றே என் மகள் எண்ணுவாள்.

வேறொன்றும் சொல்லவேண்டும். முறை என்ற சொல்லை அடியாகக் கொண்டால் வட்டம் பெரிதாகிவிடும். 1575-இல் ஜப்பானின் நாகஷினோவில் ஓடா நொபுநாகாவின் மூவாயிரம் துவக்குக்காரர் மூன்று நிரையாக நின்று மாறிமாறிச் சுட்டார்கள் என்று ஒரு கதை பரவலாக உண்டு. அந்தக் கதையையே இன்றைய ஆய்வாளர் பலர் ஐயுறுகிறார்கள். அதை உண்மையென்று கொண்டாலும், இடம் மாறிச் சுட்டார்களா, நின்ற இடத்தில் முறை மட்டும் மாறியதா என்ற கேள்வி எஞ்சும். முறை மாறுவதும் ஆள் மாறுவதும் ஒன்றல்ல.

குதிரைப்படையில் இதற்கு உறவான ஓர் அசைவு உண்டு. கைத்துப்பாக்கியோடு வந்து சுட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள்; அதைக் ‘கரகோல்’ என்றார்கள். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு நத்தை என்று பொருள். எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை இலக்கணம்? நத்தைச்சுற்று என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கிளிநொச்சியிலிருந்து

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை தொலைபேசி வந்துவிட்டது. இனி ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும்.

தூய்மை, விளக்கம் என்ற இரு கட்சிகளாக நாம் பிரிந்து நிற்பதாகத் தோன்றினாலும், வன்னியில் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ‘பதுங்குகுழி’, ‘எறிகணை’ என்ற சொற்களை எங்கள் பிள்ளைகள் அகராதியிலிருந்து பெறவில்லை. வீட்டில் பங்கர் என்றும் செல் என்றும் சொன்ன அதே வாய்கள் எழுதும்போது இவற்றை எழுதின. எந்தச் சொல்லும் மற்றதை வெளியேற்றவில்லை. ஒரு பொருளுக்குப் பேச்சில் ஒன்றும் எழுத்தில் ஒன்றும் இருப்பது எங்களுக்குப் பழகிப்போனதுதான்.

ஆகவே பலகையில் ‘நிரற்சுழற்சி’ என்றே போடுகிறேன். ரொறன்ரோ நண்பரின் தடை நியாயமானது. ஆனால் இலங்கைப் பாடநூலில் கணினிக்குரியது ‘செய்நிரல்’ என்று முன்னொட்டுடன் வருவதால் இங்கே அந்த மயக்கம் குறைவு. ஆறு பேர் ஆதரவு. அவர்களுள் நால்வர் ‘சரி, போடுங்கள்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதியவர்கள் என்பதையும் மறைக்கவில்லை. திரித்துவக்குக்குக் கீழே ‘இடியன் வகை’ என்ற குறிப்பு மாங்குளத்தாருக்குரியது. 1607-இல் யாக்கோப் டெ கெயின் வெளியிட்ட பயிற்சி நூலில், துவக்கை நிரப்பிச் சுடுவதை நாற்பத்து மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டும் படங்களில் மூன்றைப் பெரிதாக்கி ஒட்டுகிறோம். அவற்றைப் பார்த்தபின்தான், இந்த மனிதர்கள் ஏன் கடைசிக்குப் போக வேண்டியிருந்தது என்பது பிள்ளைகளுக்கு விளங்கியது.

ஒரு செய்தியை மறைப்பது முறையல்ல. ஒத்திகை பார்க்கும் பிள்ளைகள் இந்த அசைவுக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். “குழாயடி போடுவமா சேர்?” என்று கேட்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து

நிரற்சுழற்சியில் புணர்ச்சி பிழையற்றது. ஆயினும் அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை இழையில் பதிந்துவைக்கவும். தொல்காப்பியர் தந்ததை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் கடன் வாங்கியிருக்கிறோம்.

பிள்ளைகளின் ‘குழாயடி’ பற்றி இரவு முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றடி, வேலியடி என்பவற்றிற்போல அடி இங்கே இடத்தைக் குறிக்கிறது; அதில் ஐயமில்லை. ஆனால் துவக்கின் மருந்து போகிற உறுப்புக்கும் குழாய் என்றுதானே பெயர்? இரண்டு குழாயும் ஒரே சொல்லில் வந்து நிற்பதை அந்தப் பிள்ளைகள் அறிந்து செய்தார்களா என்று ஆசிரியர் விசாரித்து எழுத வேண்டும்.