ஸ்கீ அடிப்பக்கம் கிழிந்தால் வீட்டிலேயே சரிசெய்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம்

பரதராமிக்காரன்:

ஊர் பரதராமி, குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற ரோட்டில் ஆந்திரா தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். இந்த வெயிலில் பனியில் சறுக்குகிற ஸ்கீ எதற்கு என்று கேட்காதீர்கள். வேலூர் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத குடும்பம் குறைவு. எங்கள் சித்தப்பாவுக்குக் குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியில் (1948-இல் ஸ்கீ பள்ளியாகத் தொடங்கியதுதான் அது) சறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அந்தக் கிறுக்கு அவரிடமிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது.

இந்த முறை ஜனவரி தொடக்கத்திலேயே போய்விட்டோம். குல்மார்க்கின் அஃபர்வட் மலைச் சரிவில் புதுப் பனி பார்க்க மெத்துமெத்தென்று இருக்கும், ஆனால் பனி கனமாகச் சேராத நேரத்தில் அடியில் முழுக்கப் பாறைதான். இடது ஸ்கீயில், பூட் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே விரல் நீளத்துக்குக் கிழித்து உள்ளே மரம் தெரிந்தது. மற்றபடி நெடுகக் கீறல்கள், அதெல்லாம் சாதாரணம். அங்கேயே கடையில் கொடுத்திருக்கலாம், ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தேன்.

ஓட்டைக்கு பி-டெக்ஸ் குச்சி வாங்கிவைத்திருந்தேன், கொளுத்தினால் உருகிச் சொட்டும் பாலிஎத்திலீன் குச்சி. திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் பிளாஸ்டிக் குடம், பக்கெட் ஒட்டுகிற பெரியவர் வந்தார். சூடான இரும்புக்கம்பியால் உருக்கி, உடைந்த குடத்திலிருந்து வெட்டிய துண்டை வைத்து ஒட்டுவாரே, அவர்தான். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். ஸ்கீயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்காமலே பிளேடால் கிழிசல் ஓரத்தில் ஒரு சுருள் சீவி, தீக்குச்சியில் கொளுத்தி, அணைத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். "மெழுகுவர்த்தி வாசனை நைனா. குடத்து ஜாதிதான் இது. ஆனா ரொம்பக் கெட்டி."

ஒரே மோப்பத்தில் ஆள் சரியாகச் சொல்லிவிட்டார். ஸ்கீ அடிப்பக்கம் பாலிஎத்திலீன்தான், ஆனால் மூலக்கூறுச் சங்கிலி மிக நீளமான ரகம், சூடு காட்டினால் இளகுமே தவிர தண்ணீராக ஓடாது. குச்சியில் இருப்பது அதைவிட இளகுவான ரகம், அதனால்தான் சொட்டுகிறது. இரண்டும் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் பள்ளத்தின் சுவரும் சூடாக இருக்க வேண்டும். பெரியவர் சொன்னதும் இதேதான்: "சுவத்துக்கும் சூடு காட்டு. இல்லேன்னா மேல உக்காந்துக்கும், ஒட்டாது." மரம் தெரிகிற இடத்தைக் காட்டினேன். "கட்டையில பிளாஸ்டிக் எங்க பிடிக்கும்? அதுக்கு வேற வழி பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

வேறு வழி எபாக்ஸிதான், இரண்டைக் கலந்தால் இறுகிப்போகும் பசை. முதலில் நிழலில் காயவைத்தேன், மரத்தில் ஈரம் இருந்தால் எதுவும் நிற்காது. நம்ம ஊர்க் காற்றுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. அப்புறம் தொங்குகிற நார்களையெல்லாம் பிளேடால் வெட்டி, பள்ளத்தின் அடி வாயைவிட அகலமாக இருக்கும்படி சுவரைச் சாய்வாகச் சீவி (மேலே ஊற்றுவது பூட்டிக்கொள்ளும்), மரத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி எபாக்ஸி ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் வேண்டாம், மெதுவாக இறுகுவதுதான் கெட்டி. ஒருநாள் தொடவே இல்லை. பிறகு ஹீட் கன்னால் சுவரை இளஞ்சூடாக்கிக் குச்சியைக் கொளுத்தினேன். சுடர் சின்னதாக, நீலமாக இருக்க வேண்டும், அதற்குக் குச்சி நுனியைப் பள்ளத்துக்கு ஒட்டினாற்போலப் பிடிக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கரி விழும், கரி விழுந்த இடம் பிடிக்காது. முதல் சில சொட்டுகளைப் பக்கத்தில் ஒரு தகட்டில் விட்டுவிடுங்கள். சற்றே மேடாக ஊற்றி, நன்றாக ஆறவிட்டு, எஃகுத் தகட்டால் மட்டம் செய்தால் தேங்காய்த் துருவல் மாதிரி சுருள் சுருளாக வரும்.

பிப்ரவரிக் கடைசியில் அதே ஸ்கீயோடு மறுபடி போனேன். கீறல்களில் ஊற்றியது எதுவும் அசையவில்லை. பெரிய கிழிசலில் ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்கியிருக்கிறது, இந்த வாரம் பார்க்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை ஆள்:

நீங்கள் சொன்னதெல்லாம் நடுப்பகுதிக்குச் சரி சேட்டா. எனக்கு உத்தராகண்டின் ஆலியில் கிழிந்தது எஃகு விளிம்பை ஒட்டி. அங்கே குச்சி வேலைக்கே ஆகாது, பாலிஎத்திலீன் இரும்பில் பிடிக்காது, இரண்டு ஓட்டத்தில் உரிந்து வந்துவிடும். இரும்பிலும் பிடிக்கிற தனி ரகம் கம்பியாக விற்கிறார்கள், சால்டரிங் அயர்ன் மாதிரி ஒன்றால் உருக்கி வைக்க வேண்டும். விளிம்பே வளைந்து வெளியே வந்திருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள், கடையில் அடிப்பக்கத்தை வெட்டித் துண்டு வைத்துத் தருவார்கள்.

லோயர் கேம்ப்:

எனக்குக் கிழிசல் இல்லை அண்ணே, துரு. குமுளி மலையில் ஜூனில் மழை பிடித்தால் எங்கள் வீட்டுச் சுவரே வேர்க்கும், பையைத் திறந்தால் விளிம்பு முழுக்கக் காவி நிறம். அரத்தால் தேய்த்துச் சரி செய்துவிட்டேன். இப்போது ஏப்ரலிலேயே, வழுக்குவதற்காக ஸ்கீ அடியில் பூசுகிற மெழுகைக் கனமாக உருக்கி விளிம்பையும் மூடுகிற மாதிரி பூசி, சுரண்டாமல் வைத்துவிடுகிறேன். அம்மாவின் இஸ்திரிப் பெட்டியிலேயே உருக்கலாமா?

பரதராமிக்காரன்:

பழைய பெட்டியாக, அடியில் நீராவி ஓட்டை இல்லாததாக இருந்தால் பரவாயில்லை தம்பி. சாதாரண மெழுகுக்கு 120 டிகிரி பக்கம் போதும். புகை வந்தால் சூடு அதிகம், உடனே குறை. ஒரே இடத்தில் நிறுத்தாதே, அடிப்பக்கம் வெந்துவிடும், நகர்த்திக்கொண்டே இரு. பூசி முடித்ததும் பையைத் தகர ஷெட்டிலோ மொட்டை மாடியிலோ போடாதே, மெழுகு வழிந்துவிடும். அப்புறம், அந்தப் பெட்டியைத் திரும்ப அம்மாவிடம் கொடுத்துவிடாதே, அதில் இனி எந்தச் சட்டையையும் தேய்க்க முடியாது.